எந்தப் பக்கம் பாலேக்

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்கு கோலாலம்பூர் கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்தில் நின்று பார்த்தால், இந்த நகரத்தில் ஒருவருக்கும் வீடு இல்லை என்றுதான் தோன்றும். அத்தனை பேரும் பையோடு நிற்பார்கள். ஈப்போவுக்கு, தைப்பிங்குக்கு, பட்டர்வொர்த்துக்கு. பெண்கள்தாம் அதிகம். வங்கிப் பெண்கள், தாதிகள், வழக்கறிஞர் அலுவலகத்துப் பெண்கள். காலையில் பூசிய உதட்டுச்சாயம் எப்போதோ அழிந்துபோனது தெரியாமல் அறிவிப்புப் பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களில் ஒருத்தியாக நானும் நின்றிருக்கிறேன், இரண்டு வருடத்துக்கும் மேலாக.

"என்னா, இந்த வாரம் பாலேக்கா?"

எங்களுக்குள் அதுதான் வணக்கம். மலாய்ச் சொல். திரும்பிப் போவது என்றும் பொருள், வீட்டுக்குப் போவது என்றும் பொருள். திரும்பிப் போகிற இடம் வீடாகத்தானே இருக்கும் என்று நினைத்த மனிதர்கள் உண்டாக்கிய சொல்லாக இருக்க வேண்டும். நாங்களும் அதை எடுத்து, புழங்கிப் புழங்கி, காலுக்குப் பழகிய செருப்பு மாதிரி ஆக்கிவிட்டோம். சொற்களைப் பார்த்துத்தான் காலை வைக்கிறவள் என்று எனக்குள் ஒரு கர்வம் இருந்தது. இந்தச் சொல்லில் மட்டும் பார்க்காமல் வைத்தேன்.

மகளுக்கு மூன்று வயதாகும்போது சுங்கைப் பட்டாணியிலிருந்து வந்தேன். அவள் அப்பா அதற்கு முன்பே வேறொரு வாழ்க்கைக்குப் போய்விட்டிருந்தார். அவரைப் பற்றி இங்கே இதற்குமேல் ஒன்றும் இல்லை. நான் வேலை பார்த்த காப்புறுதி நிறுவனக் கிளையை மூடினார்கள். வேலை வேண்டுமென்றால் தலைமையகத்துக்கு வரலாம் என்றார்கள். தலைமையகம் பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் பக்கத்தில், கண்ணாடி போட்ட கட்டடம். அங்கே உட்கார்ந்து விபத்துக் கோரிக்கைகளைப் படிப்பது என் வேலை. யார் எங்கே விழுந்தார்கள், எது உடைந்தது, யார் பொறுப்பு.

பிள்ளையை அண்ணன் வீட்டில் விட்டேன். அண்ணன் அரசாங்க அலுவலகத்தில் கிராணி. அண்ணிக்குப் பிள்ளை இல்லை.

"ஆறு மாசம்தான் அண்ணி. அங்க ஒரு வீடு பாத்துட்டு வந்து கூட்டிக்கிறேன்."

அண்ணி பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டார். "ஆறு மாசமோ அறுபது மாசமோ, நீ நிம்மதியா போம்மா. இவள நான் பாத்துக்கிறேன்."

நிம்மதியாகத்தான் போனேன். அந்த வாக்கியத்தை இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அறை கிடைத்தது. உண்மையில் அரை அறை. முழு அறையை நடுவில் பலகையடித்து இரண்டாக்கியிருந்தார்கள். பலகை நேராக வந்து ஜன்னலின் நட்டநடுவில் முட்டியது. ஆளுக்குப் பாதி ஜன்னல். எங்களுக்கு வந்தது திறக்காத பாதி. கீழே பூக்கடை ரேடியோ, பார்வையற்றவர்கள் நடைபாதையில் தட்டிக்கொண்டு போகும் கைத்தடிகளின் சத்தம், தலைக்குமேல் ரயில். என்னோடு தெலுக் இந்தானிலிருந்து வந்த மருத்துவமனைத் தாதி ஒருத்தி இருந்தாள். வயதில் எனக்குப் பத்து வருடம் இளையவள், வாயில் பத்து வருடம் மூத்தவள்.

"அக்கா, நமக்குக் காத்து வரணும்னா பக்கத்து ரூம்புக்காரி கல்யாணம் கட்டிக்கிட்டுப் போகணும் லா. சாமிகிட்ட அவளுக்காக வேண்டிக்கோங்க."

"உனக்காக வேண்டிக்க வேணாமா?"

"எனக்கு எதுக்கு? நான் போனா உங்களுக்குக் கட்டில் மட்டும்தான் கெடைக்கும், காத்து கெடைக்காது."

ஆறு மாதம் ஒரு வருடமாயிற்று. ஒரு வருடம் இரண்டாயிற்று. அலுவலகம் முடிய ஆறரை, பிள்ளைகள் காப்பகம் மூடுவது ஆறு. அந்த அரைமணி நேர இடைவெளிக்குள் என் மகளின் இரண்டு வருடங்கள் விழுந்து காணாமற்போயின என்று பிறரிடம் சொல்லுவேன். அது உண்மைதான். முழு உண்மை இல்லை. வாரம்விட்டு வாரம் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை, டிக்கெட் கிடைக்கவில்லை என்று அண்ணியிடம் பொய் சொன்னேன். மறுநாள் முழுவதும் தூங்கினேன். யாருக்கும் அம்மாவாக இல்லாத தூக்கம். எழுந்தபோது சாயங்கால வெயில் எங்கள் பாதி ஜன்னலில் இருந்தது. எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அதற்கடுத்த முறை ஊருக்குப் போனபோதுதான் அது நடந்தது. ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்த நேரம். ஐந்து வயது மகள் தரையில் குப்புறப் படுத்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். கைப்பேசி அடித்தது. தாதி. இரவு வேலைக்குப் போகிறாளாம், சாவியை எங்கே வைப்பது என்று கேட்டாள்.

"செருப்புக்குள்ள வச்சிட்டுப் போ. இன்னிக்கிப் பாலேக்தான். எட்டு மணிக்குள்ள வந்துருவேன்" என்றேன்.

அவ்வளவுதான். பாலேக் என்றேன். கே.எல்.லுக்கு. பாதி ஜன்னல் வைத்த பலகை அறைக்கு.

மகள் வண்ணப் பென்சிலைக் கீழே வைத்தாள். தலை தூக்கவில்லை. "அம்மா வீடு அங்கதானா?" என்று கேட்டாள்.

நான் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று பையை மூடிக்கொண்டிருந்தேன். "ம்ம், ம்ம்" என்றேன். எதற்கு ம்ம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது வாசலுக்கு அவள்தான் வந்தாள். எப்போதும் ஓடிவந்து காலைக் கட்டுகிறவள், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அத்தே, அம்மா வந்திருக்காங்க."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "வாங்க. உக்காருங்க. மீலோ குடிக்கிறீங்களா?"

அதுவரை அவள் என்னை 'நீ' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணி சமையலறையிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தார். "பாத்தியா, எப்படிப் பேசறா! வீட்டுக்கு வந்தவங்ககிட்ட நீங்க, வாங்கன்னு பேசணும்னு சொல்லிக் குடுத்தேன். உங்கிட்டயே ஆரம்பிச்சிட்டா."

அண்ணன் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "மரியாதை நல்லதுதானே" என்றார்.

நானும் சிரித்தேன். மீலோவைக் குடித்தேன். அது கண்ணாடி அலமாரியிலிருந்து எடுத்த கோப்பை, விருந்தாளிகளுக்கு மட்டும் எடுக்கிற பூப்போட்ட கோப்பை. கொஞ்ச நேரத்தில் மகள் அண்ணியின் மடியில் ஏறிக் காதைத் திருகி, "அத்தே, நீ எனக்குச் சடை போடு" என்றாள். அந்த 'நீ'. எனக்குச் சொந்தமாயிருந்த அந்த ஓரெழுத்துச் சொல் இன்னொரு மடியில் உட்கார்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மிக மரியாதையாகக் கேட்டாள்: "நீங்க எத்தன மணிக்குப் பாலேக் போறீங்க?"

ரயிலில் கழிப்பறைக்குள் நின்றபடியே ஈப்போ வரை வந்தேன்.

அடுத்து ஒன்றாம் ஆண்டுப் பதிவு வந்தது. பள்ளி தொடங்க ஒரு வருடம் இருக்கும்போதே இணையத்தில் பதிய வேண்டும். வீட்டு முகவரி கேட்பார்கள். முகவரிக்கு அத்தாட்சியாக மின்சார பில்லோ தண்ணீர் பில்லோ வேண்டும். எந்த முகவரி போடுகிறோமோ அதன் பக்கத்துப் பள்ளிதான் பிள்ளைக்கு. ஆறு வருடம்.

அண்ணன்தான் பேச்சை எடுத்தார். "இங்க அட்ரஸ் போட்டுருவோம். நம்ம பில்லு இருக்கு."

"இல்லண்ணே. நான் கூட்டிக்கிறேன்."

"எங்க? அந்த ரூம்புக்கா? பலக தடுத்த ரூம்புல ஒரு பொம்பளப் புள்ளய வச்சு வளப்பியா?"

"வீடு பாத்துருவேன்."

"ரெண்டு வருசமா பாத்துக்கிட்டுத்தான் இருக்க."

அண்ணி மகளின் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "அவ இங்கயே இருக்கட்டுமேம்மா" என்றார் கடைசியில். "உன் புள்ளதான். யாரு இல்லன்னா?" குரல் பிச்சை கேட்கிற குரலாக இருந்தது. அதுதான் என்னை மிகவும் பயமுறுத்தியது. சண்டை போட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

பதிவு முடிவதற்குள் பில்லோடு ஒரு வீடு காட்டினால் பிள்ளை என்னோடு. இல்லையென்றால் அங்கேயே. அண்ணன் அப்படித்தான் முடித்தார். எனக்கு ஏழு வாரம் இருந்தது.

அந்த வாரங்களில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்து வீட்டுக்காரர்களுக்குச் செய்தி அனுப்பினேன். பதில் பெரும்பாலும் ஒரே கேள்வியாக வரும்: என்ன இனம்? இண்டியன் என்று தட்டியதும் அந்தப் பக்கம் அமைதி. சிலர் நாகரிகமாக மன்னிப்புக் கேட்பார்கள். மலாயில் நன்றாகப் பேசுவேன் என்பதால் தொலைபேசியில் என்னை வேறு ஆளாக நினைத்து, நேரில் பார்த்ததும் சாவியைத் தேடுவதுபோல் சட்டைப்பையைத் தட்டிக்கொண்டே பின்வாங்கியவர்களும் உண்டு. சரி, நம்மவர்கள் என்று போனால் அது இன்னொரு கதை. ஷா ஆலம் பக்கம் ஒரு தாமான் குடியிருப்பில் வெள்ளை விபூதிப் பட்டையோடு ஒருவர் வெளிவாசல் கிரில் கதவைத் திறக்காமலேயே பேசினார்.

"யாரு யாரும்மா இருப்பீங்க?"

"நானும் என் மகளும் அங்கிள்."

"வீட்டுக்காரரு?"

"இல்ல அங்கிள்."

"ஃபேமிலிக்குத்தாம்மா குடுக்கறது."

"நாங்க ரெண்டு பேரும் ஃபேமிலிதான் அங்கிள்."

அவர் யோசித்தார். நல்ல மனிதர், யோசிக்கவாவது செய்தார். "ஆம்பள இல்லாத வீட்டுக்கு பைப்பு ஒடஞ்சா நானுல்ல வரணும். நான் வந்தா என் வீட்ல கேப்பாங்க லா." கிரில் கதவின் கம்பிகளுக்கு நடுவே அவர் முகம் வருத்தமாகவே இருந்தது.

அன்று கொமுட்டர் ரயிலில் திரும்பும்போது, எதிர்க் கண்ணாடியில் தெரிந்த பெண்ணை யாரோ என்று நினைத்து இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தேன்.

ஐந்தாவது வாரம் தாதிதான் கண்டுபிடித்தாள். அவள் மருத்துவமனையில் படுத்திருந்த ஒரு சீனப் பெரியவருக்குக் கிள்ளானில், காப்பார் போகும் சாலையில், கடைவீட்டு மாடி காலியாக இருந்தது. கீழே ஒரு தமிழரின் டயர்க்கடை. மேலே இரண்டு அறை, முழு ஜன்னல்கள். பெரியவர் இனம் கேட்கவில்லை. ஆம்பளை கேட்கவில்லை. ஒன்றுதான் கேட்டார்: "சாம்பிராணி போடுவியா? புகை தாபோலே, கூடாது லா. கீழே எல்லாம் டயர்." சத்தியம் செய்தேன். தெய்வமே உனக்கு இனிமேல் வெறும் விளக்குதான் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். அவர் மின்சார பில்லின் நகலை எடுத்துக் கொடுத்தார். அதை அப்படியே நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். தாதி, "அக்கா, கசங்கிடும். பில்லுதான் அது, பச்சப் புள்ள இல்ல" என்றாள்.

மகளின் பாலர் பள்ளிக்கு விடுமுறை இரண்டு வாரம். மகளை அழைத்து வந்தேன். பதிவு முடிய அதே இரண்டு வாரம். அண்ணி அவள் பையில் மாற்றுத்துணியோடு அவளுடைய தலையணையையும் வைத்து, பிறகு எடுத்து, பிறகு மறுபடி வைத்து அனுப்பியிருந்தார்.

என் மகளைப்போல ஒரு நல்ல விருந்தாளி யாருக்கும் வாய்க்க மாட்டாள். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தாள். குளித்த துண்டைக் காயப்போட்டாள். அலுவலகத்துக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நாள் முழுக்க அவளோடே இருந்தேன். கடற்கரைக்குக் கூட்டிப் போனேன், பாசார் மாலாம் இரவுச் சந்தையில் சோளம் வாங்கிக் கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் "தேங்க்யூம்மா" என்றாள். மூன்றாம் நாள் குளிர்ப்பெட்டியின் முன் நின்றுகொண்டு கேட்டாள்.

"நான் இத தொறக்கலாமா?"

தன் அம்மாவின் வீட்டில் ஒரு பிள்ளை குளிர்ப்பெட்டியைத் திறக்க அனுமதி கேட்கிறது. எத்தனையோ விபத்துக் கோரிக்கைகளைப் படித்திருக்கிறேன். எது உடைந்தது என்ற இடத்தில் இதை எப்படி எழுதுவது? யார் பொறுப்பு என்ற இடத்தில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

கீழே டயர்க்கடையில் நாள் முழுக்கக் காற்றடிக்கும் இயந்திரத்தின் சத்தம். லோரிகள் போகும்போது தரை நடுங்கும். அவள் படுக்கையில் அண்ணியின் வாசம் வரும் தலையணையை மூக்கோடு அழுத்தியபடி படுத்திருப்பாள். அழவில்லை. விருந்துக்குப் போன இடத்தில் அழக்கூடாது என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். நான் அவள் முதுகைத் தொடாமல், தொடுவதற்கு ஒரு விரல்கடை தூரத்தில் கையை வைத்துக்கொண்டு படுத்திருப்பேன்.

கடைசி ஞாயிறு காலை எழுந்து பார்த்தால் பை கட்டி வாசலில் இருந்தது. தலையணை மேலே. காலணி மாட்டியிருந்தாள், வலது இடது மாறி. கையில் மீலோக் கோப்பை.

"எனக்கு டிக்கெட் எடுத்துட்டீங்களா?"

நான் முட்டிபோட்டு உட்கார்ந்தேன். இரண்டு வாரமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். "இனிமே இதாம்மா வீடு. நீயும் நானும். இனிமே பாலேக்னா இங்கதான்."

என்னையே பார்த்தாள். கையிலிருந்த மீலோக் கோப்பை சுவரில் போய் உடைந்தது. எறிந்தாள் என்பதே எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

"பொய்! நீ பொய் சொல்ற! நீ போன்ல சொன்ன! அங்கேருந்து பாலேக் போறேன்னு நீதான் சொன்ன! நான் கேட்டேன்!"

"அது… அம்மா சும்மா…"

"நீ ஏன் என்ன வுட்டுட்டு பாலேக் போன? உன் வீட்டுக்கு நீ ஏன் என்னக் கூட்டிட்டுப் போகல? நீ ஏன் போன? நீ ஏன் போன?"

இரண்டு கையாலும் குத்தினாள். முகத்தில், கழுத்தில், மார்பில். வாங்கிக்கொண்டேன். அவள் ஊருக்குப் போக வேண்டும் என்பதற்காக அழவில்லை, அவளை அழைத்துக்கொள்ளாமல் நான் 'வீட்டுக்கு'ப் போனேன் என்று அழுகிறாள். எத்தனையோ மாதமாக அந்தக் கேள்வியை மரியாதைக்குள் மடித்து வைத்திருந்தாள். இப்போது அது பிரிந்து, ஒவ்வொரு குத்துக்கும் ஒரு 'நீ'யாக விழுந்தது. கீழே இயந்திரச் சத்தம் நின்றது.

"அக்கா! மேல ஓகேயா?" டயர்க்கடைக்காரர்.

"ஓகேண்ணே! கோப்ப ஒடஞ்சிருச்சி!"

"யாரு ஒடச்சது?"

"நான்தான்!"

அழுது தீர்ந்து அவள் என் மடியிலேயே தூங்கிப்போனாள், காலணியோடு. அவள் எடையில் தொடை மரத்துப்போக, ஒரு கையால் மடிக்கணினியை இழுத்துத் திறந்தேன். முகவரிக்கான கட்டத்தில் கிள்ளான் என்று தட்டினேன். பிள்ளையின் நன்மைக்காக என்று எழுத இப்போதும் ஆசைதான். இல்லை. அங்கே அவளுக்கு முற்றம் இருந்தது, சைக்கிள் இருந்தது, எந்நேரமும் வீட்டிலிருக்கும் ஒரு பெண் இருந்தார். இங்கே லோரிப் புகையும், ஆறு மணிக்கு மூடும் காப்பகமும், ஆறரைக்கு வேலை முடியும் அம்மாவும். எந்தத் தராசில் வைத்தாலும் நான்தான் குறைவேன். அந்த 'நீ'யை விட்டுக்கொடுக்க முடியவில்லை, அதனால் தட்டினேன்.

அண்ணியைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "பதிஞ்சிட்டேன் அண்ணி. இங்க."

கோழி ஒன்று கொக்கரித்தது, அவர்கள் வீட்டுப் பின்பக்கம். பிறகு, "முட்டையில மஞ்சக்கரு சாப்பிட மாட்டா" என்றார் அண்ணி. "வெள்ளைய மட்டும் குடு. சளி புடிச்சா வலது பக்கமாப் படுக்க வை. சடைய இறுக்கிப் போட்டா தலவலின்னு சொல்லுவா. அப்புறம்…" அப்புறம் என்ன என்று அவர் சொல்லவில்லை. அண்ணன் போனை வாங்கி, "சரி" என்று மட்டும் சொல்லி வைத்தார்.

தீபாவளிக்கு இரண்டு பேரும் ஊருக்குப் போனோம். அதற்குள் மகள் கிள்ளான்காரியாகிவிட்டிருந்தாள். டயர்க்கடைக்காரருக்குக் காற்று அளவு சொல்லும் அளவுக்கு. என்னை ஒரு நாளைக்கு நூறு முறை 'நீ' என்றாள். பாதிமுறை கோபத்தில். ஆறு மணிக்கு மேல் அரைமணி நேரம் என் அலுவலகத்துக்குப் பக்கத்துக் காப்பக வாசலில் தனியாக உட்கார்ந்திருந்த கோபம். அந்தக் கடனை நான் இன்னும் கட்டி முடிக்கவில்லை.

வாசலில் அண்ணி நின்றிருந்தார். புதுப்புடைவை. மெலிந்திருந்தார். கையை நீட்டினார். மகள் பையோடு படியேறி, ஒரு படி கீழேயே நின்றுகொண்டாள்.

"அத்தே, நல்லாருக்கீங்களா? நாங்க செவ்வாக்கிழமதான் பாலேக் போவோம்."

அண்ணியின் கை அப்படியே நின்றது. நான் மகளின் தோளைப் பிடித்து உலுக்கினேன். "என்னாடி இது? அத்தைய நீன்னுதானே கூப்புடுவ?"

"விடும்மா" என்றார் அண்ணி. "நான் சொல்லிக் குடுத்ததுதானே."

உள்ளே போனார். கண்ணாடி அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது.